செய்தி வந்து சேர்ந்த வீடு

தோஹாவிலிருந்து பதினான்கு நாள் லீவில் வந்தவள் நான். வந்த அன்றே வீட்டாரோடு சண்டை. தங்கச்சி ஹிமாயாவின் கல்யாணத்துக்கு இன்னும் பதினொரு நாள்தான், சுவரில் ஒரு கை சாயம் கூடப் பூசவில்லை. உம்மா ஆறுதலாகப் பாய் தட்டிக்கொண்டிருக்கிறா. வாப்பா கதிரையில் சாய்ந்து கிடக்கிறார். கல்யாணப் பெண் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கொழும்பிலிருந்து எட்டு மணித்தியாலம் வேனில் குலுங்கி வந்த இடுப்பு வலியோடு, பையைக்கூட இறக்காமல் கத்தத் தொடங்கினேன். என் வாய் அப்படி. "ஸுஹைறா, உன்ட நாக்குக்குப் பிரேக்கே வெக்கல்ல" என்று என் புருஷன் ஜெஸீம் சொல்வது சும்மா இல்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து ஏறுவார், பெற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். எனக்குத் தந்த வீட்டைச் சுனாமியில் கடல் கொண்டுபோனது. பிறகு நானும் ஜெஸீமும் கட்டாருக்குப் போய்விட்டோம். மிஞ்சியது கல்முனைக்குடியில் உம்மாவும் வாப்பாவும் இருந்த இரண்டறை வீடு ஒன்றுதான். அது ஹிமாயாவுக்கு. பின் வளவில் சின்னதாக ஓர் அறை கட்டிக்கொண்டு பெற்றவர்கள் அங்கே இருப்பது என்று பேச்சு. அந்த அறைக்கு அத்திவாரம்கூட வெட்டவில்லை.

"கலியாணம் முடியட்டும் மகள், மறுகா பாப்பம்" என்றார் வாப்பா.

"மறுகா எப்ப? நான் போன புறகா? புதுசா வாற மனிசன் காலையில எழும்பினா மாமன்ட மூஞ்சியிலயும் மாமிட மூஞ்சியிலயும் முழிச்சிட்டா கிணத்தடிக்குப் போற?"

மாப்பிள்ளை நளீம் பாலமுனைக்காரர், தங்கமான பிள்ளை. அவரோ அவருடைய ஆட்களோ இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. துள்ளியது நான்தான். என் லீவு முடிவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும், அதுதான் என் அவசரம். இரண்டு ஒழுங்கை தள்ளி, ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறை வாடகைக்கு இருந்தது. பள்ளிவாசலும் பக்கம். அடுத்த நாளே பிடித்துவிட்டேன்.

வாப்பா பகிடி விட்டார். "ஹாஜறா, எழும்பு. நாப்பத்து மூணு வருஷத்துக்குப் புறகு உன்னய மாடி வீட்டுல வெக்கப்போறன்."

போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, கீழே போறணை எரியும் நேரமெல்லாம் மேலே தரை சுடும் என்று. கிணறு இல்லை, முற்றம் இல்லை. ரோட்டைப் பார்த்த ஒரு ஜன்னல். "பின் வளவு அறை கட்டி முடியுமட்டும் மூணு மாசம்தானே" என்றேன். பாதிச் சாமான் அங்கே, பாதி இங்கே. படுப்பது பேக்கரி மாடியில். பகலெல்லாம் உம்மா பழைய வீட்டில் கல்யாண வேலையில் இருப்பா.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்க, புதன்கிழமை காலை பத்து மணி போல வாப்பாவுக்கு மருந்து கொடுக்கப் பேக்கரி மாடிக்குப் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தோஹாவில் வயதாளிகளைப் பராமரிப்பதுதான் என் வேலை. தோளைத் தொட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் பைத்தியக்காரி மாதிரி, "வாப்பா, மருந்து, வாப்பா" என்று இரண்டு மூன்று தடவை கூப்பிட்டேன்.

வாப்பாவின் தம்பி நஸீம் சாச்சாவுக்குப் போன் எடுத்தேன். டொக்டரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். அடுத்தது உம்மா.

அந்த நேரம் உம்மா இருந்தது பழைய வீட்டில், கல்யாணத்துக்குச் சோடித்த மணவறையில். ஹிமாயா இருந்தாள். மாப்பிள்ளையின் மூத்த சகோதரிகள், லாத்தாமார் இரண்டு பேர் அறை சோடிப்புப் பார்க்க வந்திருந்தார்கள். சாயம் காயாத அந்த அறையில், மாப்பிள்ளை வந்து ஏற முன்னமே ஒப்பாரி விழக்கூடாது என்று என் மூளைக்குப் பட்டது. உம்மாவை இங்கே கூட்டி வந்து இங்கேயே சொல்வோம், அங்கே கல்யாண வீடு கல்யாண வீடாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். வாப்பா கிடக்கிறார், நான் சாயத்தைப் பற்றி நினைத்தேன்.

வீட்டுக்குள் போனபோது உம்மா தலையணை உறைக்குக் கரை தைத்துக்கொண்டிருந்தா.

"உம்மா, வாப்பா உங்களக் கூப்புடுறார். ஒருக்கா வந்திட்டுப் போங்களன்."

உம்மா என்னைப் பார்த்தா. ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு எழும்பினா. எதற்கு என்று கேட்கவில்லை. வேலைக் களைப்பாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு ஒழுங்கையும் நான் வாய் ஓயாமல் கதைத்தேன். வட்டிலப்பத்துக்கு முட்டை போதாது, ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் இருத்தலாமா ஐந்து பேரா, அறைக்குப் பச்சைத் திரையா நீலமா. உம்மா எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று வந்தா. மாடிக்கு ஏறிய பிறகு, கதவடியில் வைத்து, கையைப் பிடித்துச் சொன்னேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டார்கள். மையவாடியிலிருந்து ஆண்கள் பேக்கரி மாடிக்குத் திரும்பி வந்தார்கள், மௌலவியும் வந்தார். உம்மா வெள்ளை உடுத்து உள் அறையில், திரைக்குப் பின்னால். நானும் ஹிமாயாவும் பக்கத்தில். கல்யாணத்தைத் தள்ள வேண்டாம், பந்தல் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் மட்டும் நடக்கட்டும், வாப்பாவின் இடத்தில் சாச்சா நின்று பெண்ணைக் கொடுப்பார் என்று முடிவாயிற்று. மிச்சம் உம்மாவின் இத்தா. நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு இறங்காமல் இருக்க வேண்டும். எந்த வீட்டில்?

"சாமான் பாதி அங்க, பாதி இஞ்ச. ரெண்டும் அவவுட வீடுதான்" என்றார் மௌலவி. "அப்ப புருஷன்ட மவுத்துச் செய்தி எந்த வீட்டுல வெச்சு வந்து சேந்திச்சோ, அந்த வீட்டுலயே இரிக்கிறதுதான் சரி."

"இஞ்ச வெச்சுத்தானே மகள் சொன்ன" என்றார் சாச்சா.

நான்கு மாதம் பத்து நாள். இந்தச் சுடுதரையில், ஒரு ஜன்னலோடு. காற்று வாங்க ஒரு முற்றம் இல்லை. இரண்டு ஒழுங்கை தள்ளி உம்மாவின் கிணறும் முருங்கையும் இருக்க, உம்மா இங்கே வேக வேண்டும். நானோ அடுத்த வாரம் பிளேன் ஏறிவிடுவேன்.

"மௌலவி, இது அநியாயம்!" திரைக்குப் பின்னால் இருந்தே கத்திவிட்டேன். "உம்மா அங்கதான் இருந்த. பொய் சொல்லி இஞ்ச கூட்டி வந்தது நான். கலியாண வீட்டுல அழுவுற சத்தம் கேக்கப்படாதெண்டு நான் செஞ்ச வேல. என்ட குத்தத்துக்கு உம்மா என்னத்துக்கு இந்தப் போறணைக்கு மேல கிடக்கணும்?"

"லாத்தா, மெதுவாக் கதைங்க" என்று ஹிமாயா என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன்.

மௌலவி கோபப்படவில்லை. "விளங்குது தங்கச்சி. ஆனா நடந்தது அதுதானே. செய்தி இஞ்ச வெச்சுத்தானே அவவுக்குத் தெரிஞ்ச?"

"இல்ல." அது உம்மாவின் குரல். காலையிலிருந்து அழுது அடைத்துப்போன குரல். "எனக்கு அங்க வெச்சே தெரியும்."

ஹிமாயா உம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நாப்பத்து மூணு வருஷம் மௌலவி. ஒரு நாளாவது அந்த மனிசன் என்னய ஆள் உட்டுக் கூப்புட்டதில்ல. வெள்ளாமைக் காலத்துல காய்ச்சலோட வந்தாலும் கடப்படியில நிண்டு, ஹாஜறா எண்டு ஊரே கேக்கச் சத்தம் போடுவார். எழும்ப ஏலாட்டியும் போன்ல கத்துவார். இவ வந்து, வாப்பா கூப்புடுறார் எண்டு சொல்லக்குள்ளயே, அவர் இல்லயெண்டு எனக்கு விளங்கிட்டு."

"நிச்சயமா விளங்கினதா, இல்லாட்டிப் பயந்ததா உம்மா?"

"நிச்சயமா. அவடத்துல வெச்சே மனசுக்குள்ள இன்னாலில்லாஹி சொல்லிட்டுத்தான் எழும்பின."

மௌலவி சொன்னார். "அப்ப உங்கட வீட்டுக்கே போங்க உம்மா. இருட்ட முன்ன, மஃரிபுக்கு முந்திப் போயிருங்க. நிக்காஹ் முடிஞ்சா மருமகனும் உங்களுக்கு மஹ்ரம்தான், அவருக்கு முன்னால வர ஒளிக்கத் தேவல்ல."

ஹிமாயா முன்னால் நடந்தாள், நான் தலையணையும் பாயும் சுமந்து பின்னால். உம்மா நடுவில், ஒருவரையும் பார்க்காமல் நடந்தா. லாத்தாமார் போய்விட்டார்கள். வாழைக்குலை கட்டவிருந்த கம்பங்களைப் பிடுங்கி வேலியோரம் சாத்தியிருந்தார்கள். மணவறைக்கு அடுத்த அறையில் பாயை விரித்து உம்மாவை இருத்தினேன். ஹிமாயா தேத்தண்ணி ஊற்றப் போன நேரம் கேட்டுவிட்டேன்.

"தெரிஞ்சா என்னத்துக்கு உம்மா பேசாம வந்தீங்க? அவடத்திலயே அழுதிருக்கலாமே."

"நீ திரயப் பத்திக் கதைச்சிட்டு வந்த. உன்ட கை ரெண்டும் நடுங்கிட்டு வந்திச்சு. நான் அழுதா நீ ரோட்டுல உழுந்திருப்பாய். பொம்புளப் புள்ள ரோட்டுல உழப்படாதெண்டுதான் ஓம் ஓம் எண்டு வந்தன்."

அப்போதுதான் அழுதேன். காலையிலிருந்து வராத அழுகை. உம்மாவின் மடியில் முகத்தை வைத்து, நாற்பத்திரண்டு வயதுக்காரி, மூக்கு ஒழுக அழுதேன். மன்னிச்சிருங்க உம்மா, மன்னிச்சிருங்க என்றேன். உம்மா என் தலையைத் தடவவில்லை. அதற்குக்கூட அவவுக்கு ஏலாமல் இருந்தது. சுவரில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டு சொன்னா.

"எனக்கொண்டு நடந்தா, ஹிமாயாக்கு அவ நிக்கிற இடத்துலயே சொல்லிரு மகள். நடத்திக் கூட்டிட்டுப் போகாத. அந்த ரெண்டு ஒழுங்கையும் நடக்கிறது சரியான கஸ்டம்."

ஓம் உம்மா என்றேன்.