புளிப்பை இனிப்பாக்கும் பழம்

பழக்கடையில் அவருக்கு வைத்தியர் என்று பெயர். நாடி பிடிக்கத் தெரியாது, பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டவர். ஆனால் கடல் கடந்து வந்த எந்தப் பழத்தைக் கையில் கொடுத்தாலும் அது எந்த வியாதிக்கு என்று மூச்சுவிடாமல் சொல்வார். கிவியா, மலச்சிக்கலுக்கு. டிராகன் பழமா, ரத்தத்துக்கு. வெண்ணெய்ப் பழமா, இதயத்துக்கு. மங்குஸ்தானின் ஊதாத் தோலைக் கட்டைவிரலால் பிளந்து வெள்ளைச் சுளையைக் காட்டி, "இது எந்த வியாதிக்குன்னு கேக்காதீங்க, எதுக்கு ஆகாதுன்னு கேளுங்க" என்பார். பாதி நிஜம், பாதி கைச்சரக்கு. வாங்க வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ருசியாக இருக்கும் என்றால் விலையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மூட்டுவலிக்கு நல்லது என்றால் இரண்டாக எடுப்பார்கள். அப்படியிருக்க அவரை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாடமாட்டார். நட்சத்திரப் பழத்தை எடுத்தவரிடம், "வீட்டுல யாருக்காவது கிட்னி கோளாறு இருக்கா?" என்று கேட்காமல் பையில் போடமாட்டார். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அந்தப் பழம் விஷம்; விக்கலில் ஆரம்பித்து உயிரில் போய் முடியும். "கையில எடுத்தவனை நீயே விரட்டுறியேப்பா" என்று கடை முதலாளி ஒருமுறை சிடுசிடுத்தார். "நான் வித்த பழத்தால ஒரு உயிர் போச்சுன்னு என் காதுல விழக்கூடாது முதலாளி" என்றார் வைத்தியர்.

அவர் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். வாய்த்துடுக்கு அதிகம். கடையில் புதுப் பழம் வந்த அன்று அவர் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால், தையல் மெஷினிலிருந்து காலை எடுக்காமலே, "இது எதுக்குங்க வைத்தியரே?" என்பாள். அவரும் விடாமல் சொல்வார். "ஊருக்கெல்லாம் மருந்து விக்கிறீங்க, உங்க மூக்குக்கு ஒரு பழம் கெடைக்கலையா?" என்பாள் கடைசியில்.

வருஷக்கணக்காகக் கடையின் குளிர் அறைக்கும் வெயிலுக்கும் மாறி மாறி நடந்ததில் அவருடைய மூக்கு அடைத்துக்கொண்டதுதான், திறக்கவே இல்லை. மல்லிகையும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான். பழ வியாபாரத்தில் மூக்கு போவது பாதித் தொழில் போவது மாதிரி. அவர் நாக்கை வைத்துச் சமாளித்தார். எந்தப் பெட்டி வந்தாலும் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்க்காமல் தட்டில் அடுக்கமாட்டார். நாக்கில் வைக்காத சரக்கைக் கைமாற்றக் கூடாது என்பது அவர் வைத்துக்கொண்ட சட்டம்.

வீட்டில் அந்தச் சட்டம் தேவைப்படவில்லை. அங்கே அவள் இருந்தாள். பால் திரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். மூடியைத் திறந்து ஒரு முறை முகர்ந்தால் போதும், "கொட்டுங்க இதை" என்பாள். அவர் நல்லாத்தானே இருக்கு என்று முனகினால், "உங்களை நம்பினா குடும்பமே ஆஸ்பத்திரியில கெடக்கணும்" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது.

ஊசி ஏற ஏற முடி போனது. அதற்கு அவள் அழவில்லை. "ஷாம்பூ மிச்சம்" என்றாள். வாய் போனதுதான் அவளை உடைத்துவிட்டது. எதைத் தின்றாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புவது போல இருக்கிறது என்றாள். சோறும் ஆணிதான், தண்ணீரும் ஆணிதான். மூக்கு மட்டும் முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது. அடுப்பில் எண்ணெய் காய்ந்தாலே படுக்கையறையில் இருந்தபடி குமட்டுவாள். சமையலறைப் பக்கம் வருவதையே விட்டுவிட்டாள். அவர்தான் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தார். கொண்டுபோய் வைத்ததெல்லாம் வைத்தபடி திரும்பி வந்தது.

"எடை இதுக்குமேல இறங்கினா அடுத்த ஊசி போட முடியாது" என்றார் டாக்டரம்மா. "எப்படியாவது சாப்பிட வைங்க. ஆனா கவனம். உடம்புல எதிர்ப்புச் சக்தி சுத்தமா இல்ல. அப்பப்ப சமைச்சுச் சூடா குடுங்க. செஞ்சு வெளியில கெடந்தது எதுவும் ஆகாது."

எப்படியாவது என்றால் எப்படி? தலைகீழாக நின்று பார்த்தார். மாம்பழக் கூழ் பிசைந்தார், வெண்ணெய்ப் பழத்தைக் கடைந்தார். கெஞ்சினார். ஒருநாள் கோபத்தில் தட்டை ஓசையாக வைத்துவிட்டுப் பின்கட்டில் போய் நின்று அழுதார். கடையில் வியாதிக்கு ஒரு பழமாக அள்ளிவிட்ட வாய்க்கு, வீட்டில் ஒரு பழத்தின் பெயரும் வரவில்லை.

அப்போதுதான் சரக்கு கொண்டுவரும் லாரிக்காரர் அந்தப் பழத்தைப் பற்றிச் சொன்னார். ஆப்பிரிக்காவில் விளைவது, சிவப்பாக, விரல்நுனி அளவுதான் இருக்கும். தனியாகத் தின்றால் ஒரு ருசியும் இல்லை. ஆனால் சதையை நாக்கில் உருட்டிக் கொட்டையைத் துப்பிவிட்டு எதைப் புளிப்பாகத் தின்றாலும் இனிக்கும். எலுமிச்சம்பழம் சர்க்கரை மாதிரி ஆகிவிடும். ஒரு மணி நேரம் போல அந்த மாயம் இருக்கும், பிறகு போய்விடும். ஊசி போட்டு வாய் கெட்டவர்கள் சிலர் இதை வைத்துத்தான் நாலு வாய் சாப்பிடுகிறார்களாம். வெளிநாட்டு விதையைக் கொண்டுவந்து ஒருவர் இங்கேயே தோட்டத்தில் வளர்க்கிறாராம். பறித்தால் இரண்டு நாள்கூடத் தாங்காது.

டாக்டரம்மாவிடம் ஓடினார். "வியாதிக்கு இது மருந்து இல்லை. வாய்க்கு மட்டும்தான்" என்றார் அவர். "நல்லாக் கழுவிக் குடுங்க. தப்பில்லை."

வாய்க்கு மட்டும் என்றால் போதாதா? அவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல இருந்தது. முதலாளியே தோட்டக்காரரிடம் பேசி ஏற்பாடு செய்தார்.

பழம் வருகிற அன்று விடியும்போதே எழுந்து தக்காளியும் கேரட்டும் வேகவைத்துக் கடைந்து, மேலே கொஞ்சம் பாலாடை விட்டு ஒரு பாத்திரம் சூப் செய்தார். தக்காளிப் புளிப்பு இனிப்பாக மாறினால் அவள் குடிப்பாள் என்பது கணக்கு. சாயங்காலம் சூடாக்கிக்கொள்ளலாம் என்று ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்தார்.

கடைக்குக் கிளம்புகிற நேரத்தில் பார்சல் வந்தது. சின்னப் பழம் என்றார்களே தவிர, பெட்டி பெரியது. பழத்தைச் சுற்றிலும் பஞ்சும் ஐஸ் பையும். பிரித்தால் குளிர் போய்விடும். பெட்டியோடு உள்ளே வைக்க வேண்டும். ஃபிரிட்ஜில் இடம் இல்லை. குளிர் அறையில் வேலை செய்கிறவனுக்கு இந்த மாதிரி நேரத்தில் யோசனையே ஓடாது, கை தானாகப் போகும்: முதலில் பழத்தைக் காப்பாற்று, மற்றதெல்லாம் அப்புறம். சூப் பாத்திரத்தை எடுத்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, பெட்டியை உள்ளே தள்ளி, முழங்காலால் கதவை அழுத்திச் சாத்தினார். பாத்திரத்தைத் திரும்ப எப்படியாவது உள்ளே ஒதுக்கி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். அதற்குள் முதலாளியிடமிருந்து போன். பாத்திரம் மேடையிலேயே நின்றது. அன்றைக்கு வெயில் கொளுத்தியது. மூடிய சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் படுத்திருந்தாள்.

சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். பழங்களைக் கழுவினார். பழக்கதோஷம் யாரை விட்டது? நாக்கில் வைக்காத சரக்கைக் கைமாற்றக் கூடாதே. ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டு உருட்டி, எலுமிச்சைத் துண்டைக் கடித்துப் பார்த்தார். தேன். எச்சில் ஊற நின்று சமையலறையில் தனியாகச் சிரித்தார்.

"இது எதுக்குங்க வைத்தியரே?" என்றாள் அவள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து. குரல் இளைத்திருந்தது.

"பேசாம வாயில போடு. கடிக்காத, உருட்டு."

உருட்டினாள். கொட்டையை அவர் உள்ளங்கையில் துப்பினாள். எலுமிச்சைத் துண்டைச் சந்தேகமாக நாக்கில் வைத்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் அவர். புருவம் ஏறியது. துண்டை முழுசாக வாய்க்குள் தள்ளிச் சப்பினாள். இன்னொன்று என்று கையை நீட்டினாள். மாதக்கணக்கில் அந்தக் கை தட்டைத் தள்ளிவிடத்தான் நீண்டிருந்தது.

அவர் சமையலறைக்கு ஓடினார். மேடையில் பாத்திரம். உள்ளே வைக்க மறந்தது அப்போதுதான் உறைத்தது. ஒரு கணம் நின்றார். காலையில் வைத்ததுதானே? லேசாகச் சூடாக்கினார், வாயெல்லாம் புண், கொதிக்கக் கொதிக்க அவளால் முடியாது. ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். இனித்தது. இவ்வளவு நன்றாகத் தான் எதையும் சமைத்ததில்லை என்று நினைத்தார். மனிதருக்குத் தன் நாக்கில் அந்தப் பழம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது என்பது தோன்றவில்லை. முகர்ந்து பார்க்க மூக்கும் இல்லை.

கிண்ணத்தை வாங்கிய அவள் கரண்டியைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி.

"எப்ப வச்சது?"

"காலையில."

"நுரை கட்டியிருக்கே."

"கடைஞ்சேன்ல, அதான். குடிச்சுப் பாரு, நான் பாத்துட்டேன். அருமையா இருக்கு."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தார். ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் நிறுத்தவே இல்லை. இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கிக் குடித்தாள். அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தாள்.

"இத்தனை வருசத்துல நீங்க அளந்ததுல இன்னைக்குத்தான் ஒண்ணு நெஜமாச்சு" என்றாள்.

அவர் மகளுக்குப் போன் போட்டு, "உங்கம்மா ரெண்டு கிண்ணம் குடிச்சுட்டா" என்றார். வெளியூரில் இருந்த மகள் அழுதாள். அவரும் அழுதார். நடுவில் மனைவி, "அழுதே சாகடிங்க" என்று திட்டினாள்.

விடிவதற்குள் வயிற்றுப் போக்கும் காய்ச்சலும். ஆம்புலன்ஸில் அவள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள்.

துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது அடுப்பில் பாத்திரம் இருந்தது. அடியில் கொஞ்சம் மிச்சம். அவர் எதையோ எதிர்பார்த்து இல்லை, பழக்கத்தில்தான் கரண்டியை நாக்கில் வைத்தார். புளிப்பு உச்சி மண்டைக்கு ஏறியது. கெட்டுப்போன சரக்கு. அவருடைய கடையாக இருந்தால் பெட்டியோடு குப்பையில் கொட்டியிருப்பார். பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

டாக்டரம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னார். "இந்த உடம்புக்கு எதுல வேணும்னாலும் தொத்தியிருக்கலாம். அதுதான்னு என்னால சொல்ல முடியாது" என்றார் அவர். இல்லை என்றும் சொல்லவில்லை. பக்கத்தில் மகள் நின்றிருந்தாள், அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள்.

"என் மேல ரெண்டு போடு போடும்மா" என்றார் மகளிடம். "என் நாக்கை நம்பிக் குடுத்துட்டேன். அவளுக்கும் வாய்ல தெரியல, எனக்கும் தெரியல."

மகள் அவர் கையைப் பிடித்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் தயங்கியது தெரிந்தது.

"அப்பா, அம்மாவுக்கு வாய்தான் போச்சு. மூக்கு போகலையே."

எண்ணெய் காய்ந்தாலே குமட்டுகிறவள். குமிழியைப் பார்த்தவள். எப்ப வச்சது என்று கேட்டவள்.

உள்ளே விட்டபோது அவளுக்கு நினைவு இருந்தது. மூக்கிலும் வாயிலும் மாஸ்க். அவர் குனிந்து காதோரம் கேட்டார்.

"வாடை வந்துச்சா உனக்கு?"

தலையை அசைத்தாள். வந்தது.

"பின்ன ஏன் குடிச்ச? கொட்டுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. எப்பவும் சொல்லுவியே."

அவள் கையைத் தூக்கி மாஸ்கைக் கொஞ்சம் விலக்கினாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் தடுக்க வந்து, என்ன தோன்றியதோ, நின்றுவிட்டாள்.

"இனிப்பா இருந்துச்சுங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அவருக்காகக் குடித்தாளா, இத்தனை நாள் ஆணியைச் சப்பிய நாக்குக்காகக் குடித்தாளா, இதனால் உயிர் போகும் என்று நினைத்தாளா, இல்லை வயிற்றைக் கலக்கிவிட்டுப் போய்விடும் என்று நினைத்தாளா, எதையும் அவரால் கேட்க முடியவில்லை. மாஸ்கைத் திரும்பச் சரியாக வைத்துவிட்டார். அடுத்த நாள் அவள் போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு மகள்தான் ஃபிரிட்ஜைத் திறந்தாள். அந்தப் பெட்டி அப்படியே இடத்தை அடைத்துக்கொண்டு இருந்தது. ஐஸ் பை தண்ணீராகியிருந்தது. பழங்கள் கறுத்துச் சுருங்கியிருந்தன. அவள் அப்பாவிடம் கேட்காமலே கொண்டுபோய்க் கொட்டினாள்.

வீட்டில் தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார முடியும்? அவர் கடைக்குத் திரும்பினார். முதலாளி ஒரு டம்ளர் டீ வாங்கிக் கொடுத்தார். நட்சத்திரப் பழம் எடுத்தவரிடம் கிட்னி கோளாறு இருக்கா என்று அவர் கேட்டார்; அது நிற்கவில்லை. மற்றதெல்லாம் நின்றுவிட்டது. தட்டில் அடுக்குவதற்கு முன் மட்டும் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கடித்துப் பார்த்தார், நடுவில் வாயைக் கொப்பளித்துக்கொண்டு.

ஒரு பெண்மணி வந்து மங்குஸ்தானைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைக்குப் புதியவர்.

"இது எதுக்குங்க?" என்றார்.

வைத்தியர் பழத்தை வாங்கிக் கட்டைவிரலால் பிளந்து ஒரு சுளையை அவரிடம் நீட்டினார்.

"இனிப்பா இருக்கும்மா."

"அது சரி. எதுக்கு நல்லது?"

"தெரியலம்மா" என்றார். "இனிப்பா இருக்கும்."