செம்புக் குன்று

மகன் இறந்த பிறகு கணவனும் மனைவியும் போனில் பேசியது விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய வார்த்தைகள்தான்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு."

அவன் தொலைவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். அவள் ஆயத்த ஆடை ஆலையில் சட்டை மடிக்கிறாள். பையனை மூளைக் காய்ச்சல் கொண்டுபோனபோது அவன் கப்பலிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். ஊர் வந்து சேர்ந்தபோது முகத்தைப் பார்க்க மட்டுமே முடிந்தது.

பையன் ஆடிக்கொண்டிருந்த ஆன்லைன் கேமை அழித்துவிடலாம் என்று ஒரு மாலை கம்ப்யூட்டரைத் திறந்தாள். அவன் விட்டுப்போன குள்ள வீரன் ஒரு செம்புக் குன்றின் அடியில் கடப்பாரையோடு நின்றிருந்தான். மவுஸை அழுத்தினால் கல்லில் ஒரு அடி. பத்துப் பதினைந்து அடிக்கு ஒரு கல் உடையும், துளி செம்பு விழும். ஒரு கேடயம் செய்ய மூட்டை மூட்டையாய்ச் செம்பு வேண்டும். அதற்காகப் பலர் வரிசையாக நின்று கொத்திக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா குட்டி, ஆளையே காணோம்?" ஹெட்போனில் ஒரு கரகரத்த குரல் கேட்டது. லாரி டிரைவர். அங்கே எல்லோருக்கும் அவர் பெரியப்பா.

"நான் அவங்கம்மா. அவன் இப்ப இல்லைங்க."

அவருடைய கடப்பாரை நின்றது. பிறகு, "இந்தப் பக்கம் கல்லு லேசா உடையும்மா. இங்க வந்து நில்லு" என்றார்.

மறுநாளும் போய் நின்றாள். பிறகு கணவனையும் வரச் சொன்னாள். வேலை முடிந்து தங்கும் அறைக்கு வந்ததும் அவன் செல்போனிலேயே சேர்ந்துகொண்டான்.

கண் கல்லிலும் கை மவுஸிலும் இருந்ததால் வாய்க்குக் கூச்சம் விட்டுப்போனது. பேச்சு நின்றாலும் சங்கடமில்லை, கொத்தும் சத்தம் இருந்தது. மேலாளரைத் திட்டினான். ஒருநாள், தூக்கமே வருவதில்லை என்றான். பையனின் செருப்பை இன்னும் வாசலிலிருந்து எடுக்கவில்லை என்றாள் அவள். பெரியப்பா ஏதாவது கடி ஜோக் சொல்வார், இருவருக்கும் சிரிப்பு வரும், சிரித்ததற்காக வருத்தமும் வரும்.

"கடைசில என்னைக் கேட்டானா?" என்றான் அவன் ஒருமுறை.

"இந்தக் கல்லு உடையட்டும், சொல்றேன்."

உடைந்தது. அவள் அடுத்த கல்லுக்குப் போனாள். அவனும் வற்புறுத்தவில்லை.

அப்போதுதான் கேமில் அப்டேட் வந்தது. இனி யாரும் உட்கார்ந்து கொத்த வேண்டாம். ஒருமுறை அழுத்திவிட்டால் குள்ளன் தானே கொத்துவான், ஆள் இல்லாவிட்டாலும். சலிப்பூட்டும் வேலை ஒழிந்தது என்று பலருக்கும் சந்தோஷம். பெரியப்பா ஒரே ஒரு முறை வந்தார். "வசதிதான். ஆனா நமக்கு இங்க இனிமே என்னம்மா வேலை?" என்று கேட்டுவிட்டுப் போனவர் திரும்பவில்லை. கணவனின் குள்ளன் கொத்திக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் பதில் இல்லை.

அவள் போன் செய்தாள்.

"ஏன் வரல?"

"அதுவே பண்ணிக்குதே. வந்து சும்மா நிக்கவா?"

"பேசலாம்ல."

"அதான் போன்ல பேசுறோமே. சாப்பிட்டியா?"

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டோம் என்று தோன்றியது.

"உங்களைக் கேட்டான். அப்பா கிரேன் மேல இருக்கார், போன் எடுக்க முடியாதுன்னு சொன்னேன். 'அப்பா இறங்கட்டும், நான் முழிச்சிருக்கேன்'னான்."

மறுமுனையில் இணைப்பு அறுந்தது.

அதன் பின் அவன் அழைக்கவில்லை, அவள் அழைத்தாலும் எடுக்கவில்லை. விடுமுறை நாளின் பிற்பகல் ஒன்றில் அவள் கேமைத் திறந்தாள். எல்லாக் குள்ளர்களும் ஆளில்லாமல் கொத்திக்கொண்டிருக்க, அவனுடையது மட்டும் கொத்தாமல் அவளுடையதைப் பார்த்து நின்றது.

"முழிச்சிருந்தானா?" என்றான் ஹெட்போனில்.

"இருந்தான். ரொம்ப நேரம்."

அவன் அழத் தொடங்கினான். இறுதிச் சடங்கிலும் அழாதவன். அவள் சமாதானம் சொல்லவில்லை. மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவன் அழுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள்.