சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச்

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. என் மனைவி கமலா கடையில் நிறுத்து வாங்கிவந்த வெங்காயத்தைக்கூட வீட்டுத் தராசில் மறுபடி போட்டுப் பார்ப்பேன். அப்படிப்பட்டவன் லாரியைக் கல்வராயன் மலையில் விட்டுவிட்டுக் கள்ளக்குறிச்சியில் நிம்மதியாகத் தூங்குவேனா?

என் டிரைவர் சடையன் மலைக்காரன். சனிக்கிழமை சாயங்காலம் லாரியைத் தன் வீட்டு வாசலில் நிறுத்துவான். திங்கள் காலை மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்குவான். நடுவில் இருக்கிற ஞாயிறுதான் என் கண்ணை உறுத்தியது. உனக்குத் தெரியாமல் தனி லோடு அடிக்கிறான் என்று யாரோ கொளுத்திப் போட்டார்கள்.

அது பழைய டீசல் வண்டி. பம்பின் தலையில் ஒரு சின்ன வால்வு உண்டு. அதற்குக் கரண்டு வந்தால்தான் இன்ஜினுக்கு டீசல் போகும். தியாகதுருகத்தில் ஒரு எலக்ட்ரீஷியனைப் பிடித்து அந்த வயரில் ஒரு சுவிட்சைச் சொருகி, டிரைவர் சீட்டுக்கு அடியில் மறைத்துவிட்டேன். சடையனிடம் மூச்சு விடவில்லை. அந்தச் சனிக்கிழமையே டயர் பார்க்கிற சாக்கில் மலையேறிப் போய், அதை அணைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போன் வந்தது.

"மொதலாளி, வண்டி ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குதுங்க."

மாட்டினான் என்று எனக்கு ஒரே குஷி. "ஞாயித்துக்கெழமயில உனக்கு இன்னாடா வண்டில வேல?"

"சின்னப்பொண்ணுக்கு ரத்தம் போய்க்கினே இருக்குதுங்க. ஏழாம் மாசம். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவணும். இங்க வேற வண்டி இல்லிங்க."

சின்னப்பொண்ணு அவன் பெண்டாட்டி. இது 2006-இல் நடந்தது. கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வருகிற காலம் இல்லை.

அவன் மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே போனான். "செல்ஃபு நல்லா சுத்துது, கரண்டுல கோளாறு இல்லிங்க. ஆனா பொகையே வரல. டீசல் பைப்புல ஏர் புடிச்சிருக்கும்னு ஏர் எல்லாம் எடுத்துட்டேன். பம்பு வரிக்கும் டீசல் வருது. அதுக்கு மேல வரல. பம்பே போச்சிங்களா?"

சரியான இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தான். செல்ஃப் சுற்றினால் கரண்டு சரி என்றுதான் எந்த டிரைவரும் நினைப்பான்.

சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார் என்று சொன்னால் போதும். அதுகூட வேண்டாம், பேட்டரியிலிருந்து வால்வுக்கு நேராக ஒரு வயரை இழு என்றால் வண்டி கிளம்பியிருக்கும். ஆனால் வயரில் கை வைத்தால் சுவிட்சைக் கண்டுபிடித்துவிடுவான். முதலாளி தன்னைத் திருடன் என்று நினைத்தது அவனுக்குத் தெரிந்துவிடும். அந்த வெட்கம் என் நாக்கைக் கட்டிப்போட்டது.

"நீ ஒன்னும் நோண்டாத. நானே வர்றேன்" என்றேன்.

பைக்கை எவ்வளவு விரட்டியும் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. கயிற்றுக் கட்டிலில் சின்னப்பொண்ணு கண்மூடிக் கிடந்தாள். கட்டிலுக்குக் கீழே மண் நனைந்திருந்தது. சடையன் முழங்கை வரை டீசலோடு விலகி நின்றான். நான் சீட்டில் உட்கார்ந்து, எதையோ பார்க்கிற மாதிரி குனிந்து சுவிட்சைத் தட்டினேன். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"நீங்க நல்லா இருக்கணும் மொதலாளி" என்று அவன் என்னைக் கும்பிட்டான்.

மலை இறங்கிக் கச்சிராயபாளையம் வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் சடையன் என் வீட்டுக்கு வந்தான். எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. லாரிச் சாவியை இரண்டு கையாலும் நீட்டினான்.

"இனிமே வண்டி ஓட்ட மாட்டேங்க. நீங்க வந்து தொட்டதும் கெளம்பிச்சி. எனக்கு இன்னா கோளாறுன்னே தெரியல. தொழில் தெரிஞ்ச புருசனா இருந்தா அவ பொழச்சிருப்பாங்க. நாந்தாங்க அவள சாவடிச்சிட்டேன்."

இல்லையடா, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சாவியை வாங்கிக்கொண்டேன்.