யார் என்று அவன் கேட்கவில்லை

விமானம் மேலே ஏறியதும் ஒராஸ் வழக்கம்போல் பூட்ஸைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, கம்பளிக் காலுறையோடு முன்சீட்டுக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டான். பக்கத்து சீட்டில் பெக்தாஸ். பத்து வருஷத்துக்கு மேலாக இருவரும் இப்படித்தான் அடுத்தடுத்து உட்கார்ந்து பறக்கிறார்கள். இன்றைக்கு மட்டும் அந்தக் கால்களைப் பார்க்க பெக்தாஸுக்கு மனசு வரவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெளியே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை.

மேற்கே எண்ணெய் வயலில் நாலு வாரம், கிழக்கே வீட்டில் நாலு வாரம். நடுவில் நாட்டின் முழு அகலம் கிடந்ததால் மற்றவர்கள் பஸ் ஏறுவதுபோல் இவர்கள் விமானம் ஏறினார்கள். வீட்டுக்குப் போகிற விமானம் சந்தைக்கடை மாதிரி இருக்கும். குதிரை இறைச்சியும் ரொட்டியும் கைமாறும், ஒருவன் சொன்ன பொய்யை இன்னொருவன் பெரிதாக்குவான். வேலைக்குத் திரும்புகிற விமானத்தில் எல்லோரும் தூங்குவார்கள், அல்லது தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வார்கள். இன்று இது வீட்டுக்குப் போகிற விமானம்தான். முன்வரிசையில் வேறு ஷிப்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இரண்டு பேர் மட்டும் ஷிப்டு பாதியில் இருக்கும்போது கிளம்பி வந்தவர்கள். அது தெரிந்ததும் முன்வரிசைக்காரர்கள் இவர்கள் பக்கம் ரொட்டியை நீட்டவில்லை, குரலையும் கொஞ்சம் தணித்துக்கொண்டார்கள். ஷிப்டு பாதியில், கூட ஒரு ஆளோடு, ஒருவன் ஊருக்குப் போகிறான் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

நேற்று சாயங்காலம் எண்ணெய் வயல் முகாமின் தலைவர் ஒராஸைக் கூப்பிட்டு, வீட்டில் ஒருவருக்குக் கொஞ்சம் சுகமில்லையாம், போய்ப் பார்த்துவிட்டு வா, பெக்தாஸும் உன்னோடு வருவான் என்று சொன்னார். அவ்வளவுதான் சொல்வார்கள். சாவுச் செய்தியை அந்த ஜனங்கள் போனில் சொல்வதில்லை. பெரியவர்கள் கூட்டமாகப் போய், நடுவில் உட்காரவைத்து, சுற்றி வளைத்துப் பேசி, விழுந்தால் பிடிக்க இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி, அதன்பிறகுதான் வாயைத் திறப்பார்கள். அதுவரை தெரிந்தவன் சொல்லமாட்டான், தெரியாதவன் கேட்கவும் மாட்டான். ஒராஸ் கேட்கவில்லை. துணியை எடுத்துப் பையில் திணித்தபடி, அம்மா என்னை எதிர்பார்த்துக்கொண்டிருப்பாள் என்று மட்டும் சொன்னான். அவள் இலையுதிர் காலத்திலிருந்தே இதயக் கோளாறோடு இழுத்துக்கொண்டிருந்தவள். ஆமாம், எதிர்பார்ப்பாங்க என்று பெக்தாஸும் சொல்லிவைத்தான். அது உண்மையும்கூட. போனது அம்மாதான் என்று ஒராஸ் அதிலேயே முடிவு கட்டிவிட்டான். அந்த ஒரு உண்மையைச் சொன்னதில்தான் பெக்தாஸ் வசமாக மாட்டிக்கொண்டான்.

ஏனென்றால் செத்தது அம்மா இல்லை. மாரல். ஒராஸின் ஒரே மகள், ஏழு வயசு. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பனியில் சறுக்கிய லாரி ஒன்று பாதையோரம் ஏறிவிட்டது. ஒராஸின் பெரியப்பா துர்சின் போனில் பெக்தாஸிடம் இதை இரண்டே வாக்கியத்தில் சொன்னார். மூன்றாவது வாக்கியம், வாயைத் திறக்காதே என்பது. பெரியவர்கள் அல்மாட்டி விமான நிலையத்துக்கு வந்து நிற்பார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கூட்டிக்கொண்டு வந்து ஒப்படைக்க வேண்டியது மட்டும்தான் பெக்தாஸின் வேலை. மூன்று மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும் என்றுதான் அவனும் நினைத்தான்.

இறங்க வேண்டிய நேரத்தில் விமானம் மறுபடி மேலே ஏறியது. அல்மாட்டியில் மூடுபனி, ஓடுபாதை தெரியவில்லை, தராஸுக்குத் திருப்புகிறோம் என்று அறிவித்தார்கள். முன்வரிசைக்காரர்கள் ஏதோ கேலி பேசினார்கள். அவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. பெக்தாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

தராஸ் விமான நிலையம் சின்னது. இறங்கிய கூட்டம் முழுக்க ஒரே கூடத்தில் அடைந்துகொண்டது. பனி விலகினால் சாயங்காலம் கிளம்பலாம், இல்லாவிட்டால் நாளைக்குத்தான் என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள். தரைவழியாகப் போகலாமா என்று பெக்தாஸ் கேட்டதற்கு, வழியில் கொர்தாய் கணவாயில் காலையிலிருந்து பனிக்காற்று, மூடினாலும் மூடிவிடுவார்கள் என்றாள். ஒராஸ் அதைக் கேட்டுக்கொண்டு, டீ வாங்கிவந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தில் ஒரு அமைதி வந்திருந்தது. பெக்தாஸுக்கு அதைப் பார்த்துத்தான் பயமாக இருந்தது.

"காத்திருப்போம்டா. பனியில எனக்காக அலையாதேன்னுதான் அம்மா எப்பவும் சொல்லுவா. எனக்காக அவங்க நிறுத்தி வெக்க வேணாம். ஆகவேண்டியதப் பார்க்கட்டும். நான் நாளைக்குப் போய் மண்ணு போட்டுக்கறேன்."

முதல்முறையாக அவன் அதை வாய்விட்டுச் சொன்னான். சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடித்தான். மனைவி குல்ஜானின் போனுக்கு அடித்தான். எடுத்தது அவள் தங்கை. அக்கா ஆட்களோடு இருக்கிறாள், அப்புறம் பேசச் சொல்கிறேன் என்று அவள் வைத்துவிட்டாள். மாமியார் செத்த வீட்டில் மருமகளுக்குப் பேச நேரம் எங்கே இருக்கும் என்று ஒராஸ் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அம்மாவிடம் கொடு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே எல்லாம் உடைந்திருக்கும். அவன் எப்படிக் கேட்பான்? அவன் மனசில் அவளைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணியும் சுற்றியாகிவிட்டது.

பெக்தாஸ் வெளியே ஓடி, பனியில் நின்று துர்சினுக்குப் போன் போட்டான். கிழவர் அல்மாட்டி விமான நிலையத்தில்தான் மூடுபனிக்குள் உட்கார்ந்திருந்தார். பின்மதியத் தொழுகை முடிந்ததும் எடுத்தாக வேண்டும், அதற்குமேல் முடியாது என்றார். அப்பா முகம் பார்க்காமல் எடுக்கக் கூடாது என்று குல்ஜான் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாளாம். இங்கேயே சொல்லிவிடட்டுமா என்று பெக்தாஸ் கேட்டான். கெஞ்சினான் என்றே சொல்லலாம்.

"எங்க வெச்சு சொல்லுவே? பெஞ்சுலயா? ஊர் பேர் தெரியாதவங்க நடுவுலயா? அவன் விழுந்தா நீ ஒருத்தன் தாங்குவியா?" கிழவரின் குரல் உடைந்தது. "கூட்டிட்டு வாப்பா. எப்படியாவது கூட்டிட்டு வா. நாங்க எங்க ஊர் முக்குல, ரோட்டுலயே வந்து நிக்கறோம்."

உள்ளே வந்தபோது ஒராஸ் இன்னொரு டீ வாங்கிவைத்திருந்தான், பெக்தாஸுக்காக. பெக்தாஸ் அந்தக் கோப்பையைத் தொடவில்லை. நல்ல வார்த்தையாகச் சொன்னால் இவன் எழுந்திருக்கமாட்டான் என்று தெரிந்தது. இத்தனை வருஷ சிநேகிதத்தில் சொல்லாததை அன்றைக்குச் சொன்னான்.

"நல்லா குடி. பெத்தவள ஊரான் தூக்கிட்டுப் போகட்டும், நீ டீ குடி. ரோட்டுல கொஞ்சம் பனி விழுதுன்னதும் பிள்ளைக்கு உடம்பு நோகுது. வருஷத்துல பாதி நாள் வீட்டுல இல்லாதவன்தானே நீ, இன்னும் ஒரு நாள் இல்லாட்டி என்ன ஆகப்போகுது?"

ஒராஸ் கோப்பையைக் கீழே வைத்தான். எழுந்து பெக்தாஸின் சட்டைக் கழுத்தைக் கொத்தாகப் பிடித்தான். கூடமே திரும்பிப் பார்த்தது. அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று பெக்தாஸ் கண்ணை மூடிக்கொண்டு நின்றான், உண்மையில் அடி விழுந்தால் தேவலை என்றுகூட இருந்தது. அடி விழவில்லை. "உன்னோட நான் பேசமாட்டேன்" என்று சின்னப் பையன்போல் சொல்லிவிட்டு, ஒராஸ் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

வாசலில் இசா என்று ஒரு டாக்சிக்காரன் அகப்பட்டான். கணவாய்ப் பக்கம் போவதற்கு நான் என்ன உயிரை வெறுத்தவனா என்று முதலில் முறுக்கினான். சாவு வீடு என்றதும் மறுபேச்சில்லாமல் வண்டியை எடுத்தான். முதல் இரண்டு மணி நேரம் காரில் யாரும் பேசவில்லை. மெர்கே என்ற ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் வெள்ளையாகி, எது ரோடு எது வயல் என்று தெரியாமல் போனபோது ஒராஸ் தானாகவே பேச ஆரம்பித்தான். கோபம் ஆறிவிட்டது. அவனுக்கு எப்போதும் கோபம் அவ்வளவு நேரம்தான்.

நீ திட்டினது நல்லதாய்ப் போயிற்று என்றான். அம்மாவைப் பற்றிச் சொன்னான். அவள் பால் கறக்கும்போது மாட்டைத் திட்டுகிற திட்டை எல்லாம் சொல்லிக் காட்டினான். இசாகூடச் சிரித்துவிட்டான். அப்புறம் மகளைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒவ்வொரு முறை அவன் வீட்டுக்குப் போகும்போதும் மாரல் நல்ல மெத்தையை எடுத்து, விருந்தாளிக்கென்று ஒதுக்கிய உள்பக்கத்து இடத்தில் அவனுக்காக விரித்து வைப்பாளாம். நான் விருந்தாளி இல்லடி, உன் அப்பன் என்றால், போகிறவங்க எல்லாம் விருந்தாளிதான் என்பாளாம். அதைச் சொல்லிவிட்டு ஒராஸ் பெக்தாஸ் பக்கம் திரும்பினான்.

"அவகிட்ட எப்படிடா சொல்றது? பாட்டியக் கட்டிக்கிட்டுத்தான் தூங்குவா. உனக்கு வார்த்தை நல்லா வரும். நீ சொல்லிக் குடு, நான் அப்படியே சொல்றேன்."

பெக்தாஸ் ஜன்னல் கண்ணாடியைக் கையால் துடைத்தான். தெரியலடா என்றான். ஒராஸ் விடவில்லை. தானே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். பாட்டி தூரமாய்ப் போயிருக்கிறாள் என்று சொல்லலாமா? தூரமாய்ப் போனால் திரும்பி வர வேண்டும், அப்பா வருகிறாரே என்று கேட்பாள். தூங்குகிறாள் என்றால் எழுப்பப் போய்விடுவாள். கடைசியில், மடியில் உட்காரவைத்துக்கொண்டு, அவள் தலையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமலே இருப்பது என்று முடிவு செய்தான். அவளாகப் புரிந்துகொள்வாள், அவள் கெட்டிக்காரி என்றான்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதே. நேத்து முகாம் தலைவர் கூப்பிட்டுச் சொன்னாரே, அப்ப ஒரு நிமிஷம் எனக்கு வேற என்னென்னமோ தோணிடுச்சு. அப்புறம் அம்மாதான்னு புரிஞ்சதும்... நிம்மதியா இருந்துச்சுடா. பெத்தவ செத்துக் கிடக்கா, எனக்கு நிம்மதியா இருந்துச்சு. வரிசைப்படி போறதும் ஒரு கொடுப்பினைதானே?"

பெக்தாஸ் ஆமாம் என்று தலையாட்டினான். வேறு என்ன செய்வான்? வண்டியை நிறுத்தச் சொல்லி, எல்லாவற்றையும் கத்திச் சொல்லிவிட்டு, அந்தப் பனிக்குள் ஓடித் தொலைந்துவிடலாமா என்றிருந்தது.

கணவாய் அடிவாரத்தில் வண்டிகளை நிறுத்தி, ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒராஸ் இறங்கி ஓரமாகப் போனான். இசா கண்ணாடி வழியாக பெக்தாஸைப் பார்த்தான். அந்த மண்ணில் பிறந்தவன், இவ்வளவு நேரம் காதை மூடிக்கொண்டா ஓட்டியிருப்பான்?

"செத்தது அம்மா இல்லதானே?" என்று மெதுவாகக் கேட்டான்.

"பொண்ணு."

இசா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். பிறகு கீழே இறங்கி, தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடம் போய் ஏதோ சொன்னான். அவர் காரை எட்டிப் பார்த்தார், பிறகு வரிசையை விலக்கி முதலில் இவர்களை அனுப்பினார். ஒராஸ் அதைப் பார்த்து, பரவாயில்லையே, தாய்க்கு இன்னும் மரியாதை இருக்கிறது என்றான். இசா வண்டியை விரட்டினான். கணவாய் மேலே காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியபோதும் அவன் கால் பிரேக்குக்குப் போகவில்லை.

ஊர் முக்கு வந்தபோது மேற்கே வெளிச்சம் சாயத் தொடங்கியிருந்தது. நெடுஞ்சாலையோரம் ஒரு பழைய வேன் நின்றது. அதற்கு முன்னால் ரோமத் தொப்பியோடு துர்சினும் இன்னும் மூன்று கிழவர்களும் கைத்தடியை ஊன்றி வரிசையாக நின்றார்கள். தூரத்திலேயே பார்த்துவிட்டு ஒராஸ் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டான், முகத்தைத் துடைத்துக்கொண்டான். அழுவதற்கு ஒரு முறை இருக்கிறது, தாய்க்கு மகன் அழும் முறை. கார் நிற்பதற்குள் கதவைத் திறந்து இறங்கி, இரண்டு கையையும் விரித்து, "என்னப் பெத்தவளே" என்று உரக்கக் கதறிக்கொண்டு அவர்களை நோக்கி ஓடினான். பெக்தாஸும் இசாவும் பின்னாலேயே ஓடினார்கள்.

வேனின் பக்கக் கதவு திறந்தது. வெள்ளை முக்காடு போட்ட ஒரு குட்டைக் கிழவி, படியைத் தடவித் தடவிக் கீழே இறங்கினாள். யார் தடுத்தும் கேளாமல், என் பிள்ளைக்கு நான்தான் சொல்வேன் என்று ஏறி வந்தவள்.

ஒராஸின் குரல் பாதியில் நின்றது. அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு சிரித்தான். கன்னத்தில் கண்ணீர் அப்படியே இருக்க, வாய் நிறையச் சிரித்தான். பெக்தாஸ் பக்கம் திரும்பி, "டேய், அம்மாடா. நல்லாத்தான் இருக்கா, பாரு. எங்கம்மாடா" என்றான்.

கிழவர்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தார்கள். துர்சின் கைத்தடியைப் பனியில் போட்டுவிட்டு ஒராஸின் தோளைப் பிடித்தார். இசா பின்பக்கம் வந்து, கையை விரித்துக்கொண்டு நின்றான். அம்மா மூச்சு வாங்க நடந்து வந்து மகனின் மார்பில் நெற்றியைப் பதித்துக்கொண்டாள். ஒராஸின் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. அவன் அம்மாவின் தலைக்கு மேலாகக் கழுத்தை நீட்டி, திறந்து கிடந்த வேன் கதவுக்குள்ளே, காலியாக இருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.