பெட்டிக்குள் போன செருப்பு

கருவாட்டை எண்ணெயில் போட்டு முதல் புகை எழும்பியதும் பெலிசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கனடாவின் இந்த வின்னிபெக் நகரத்துக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. இதுவரை ஒரு துண்டு கருவாடு பொரித்ததில்லை. முதல் எட்டு வருஷம் அடுத்தவர் வீட்டில் தங்கி அவர்கள் பிள்ளைகளை வளர்த்தாள். அங்கே கருவாடு என்று வாயைத் திறந்திருந்தால் மறுநாளே மூட்டை கட்டச் சொல்லியிருப்பார்கள். பிறகு மூன்று பெண்களோடு ஒரே வீட்டில் வாசம். மூன்று பேருமே அவளைப் போலப் பிலிப்பைன்ஸ்காரிகள்தான், மூன்று பேருக்குமே கருவாடு உயிர்தான், ஆனால் மாடி வீட்டுக்காரிக்கு மூக்கு நீளம்.

போன மார்ச்சிலிருந்து அவளுக்கென்று ஒரு வீடு. ஒரு படுக்கையறை, ஒரு சமையல்கட்டு, கதவில் அவள் பெயர் மட்டும். டிசம்பர் இருபத்துநாலாம் தேதி, காலை எட்டு மணி, வெளியே மைனஸ் இருபத்தெட்டு. பூண்டு போட்டு வதக்கிய சோறு, வினிகரில் ஊறிய மிளகாய், நறுக்கிய தக்காளி, கருவாடு. கிறிஸ்துமஸ் விருந்துக்கு வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் இந்தத் தட்டைப் பார்த்து முகம் சுளித்திருப்பார்கள். யாரும் இல்லை என்பதுதான் விசேஷமே.

இந்த ஒரு நாளுக்காக அவள் இரண்டு பொய் சொல்லியிருந்தாள். ஊரில், பத்தாங்காஸில் இருக்கும் அம்மாவிடம், "நான் ஜெனாய்தா வீட்டுக்குப் போறேம்மா, பதினஞ்சு பேர் வர்றாங்க" என்றாள். இங்கே இருக்கும் தோழி ஜெனாய்தாவிடம், "எனக்கு டியூட்டி போட்டுட்டாங்கடி" என்றாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவளுக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் டியூட்டி விழுவது வழக்கம் என்பதால் ஜெனாய்தா நம்பிவிட்டாள். "உனக்குத்தான் இங்க குடும்பம் இல்லையே" என்று சொல்லிச் சொல்லியே மற்றவர்கள் அவள் தலையில் கட்டிவிடுவார்கள். டியூட்டி இல்லாத வருஷம் ஜெனாய்தா வீட்டு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு விடாத அவள் புருஷனின் பாட்டைக் கேட்டு, கடைசியில் பதினைந்து பேர் தட்டையும் கழுவிவிட்டு வருவாள். அன்புக்குக் குறைவில்லை. அந்த அன்பிலிருந்து ஒரு நாள் லீவு வேண்டுமென்றுதான் அவளுக்கு ஆசை.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றால், சொல்ல முடியாது. கிறிஸ்துமஸுக்கு ஒருத்தி தனியாக இருக்கிறாள் என்றால் அவர்கள் ஜனத்துக்கு ஒரே அர்த்தம்தான்: ஐயோ பாவம். தனியாக இருக்கப் பிடிக்கிறது என்றால் அதைவிட மோசம்: எங்களை மறந்துவிட்டாள்.

கருவாட்டைத் தட்டில் எடுத்து மூடி வைத்துவிட்டு, தனக்குத் தானே வாங்கிய பரிசை எடுக்க அலமாரியைத் திறந்தாள். செப்டம்பரில் வாங்கியது. வீட்டுக்குள் போடும் செருப்பு, கருஞ்சிவப்பு, உள்ளே முழுக்க ஆட்டு ரோமம். காலை விட்டால் கணுக்கால் வரை சூடு ஏறும். கடைக்காரப் பெண் பச்சைத் தாளில் சுற்றி, ஒரு சின்ன அட்டையையும் கொடுத்து எழுதிக்கொள்ளச் சொன்னாள். பெலிசா கொஞ்சம் வெட்கத்தோடு ஓரமாக நின்று எழுதினாள். குளித்து முடித்து, அதைப் பிரித்து, போட்டுக்கொண்டு சாப்பிட உட்காருவதுதான் திட்டம்.

அலமாரியில் பொட்டலம் இல்லை. கட்டிலுக்கு அடியிலும் இல்லை. குளியலறைப் பரண், சூட்கேஸ், அரிசி டப்பாவுக்குப் பின்னால் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் அறையின் மூலையில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். வருஷா வருஷம் ஊருக்குப் போகும் பெட்டி உட்காரும் இடம் அது. பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

ஜூலையிலிருந்தே அந்தப் பெட்டி மூலையில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் அதற்குள் போகும்: சோப்பு, பற்பசை, டப்பா இறைச்சி, துண்டு. கப்பலில் போகிற பெட்டிக்கு எடைக் கணக்கு கிடையாது, இடக் கணக்குதான். விரல் நுழையும் சந்தைக்கூட விடக்கூடாது. ஷூவுக்குள் காலுறை, காலுறைக்குள் சாக்லேட். அக்டோபரில் பெட்டியை ஒட்டிய அன்று மூலையில் ஒரு சந்து மிச்சம் இருந்தது. கை தானாக அலமாரிக்குப் போய், தானாக எதையோ எடுத்து, தானாகத் திணித்தது. இருபது வருஷப் பழக்கத்தில் அந்தக் கைக்கு "எனக்கு", "அவங்களுக்கு" என்ற வித்தியாசமெல்லாம் தெரியாமல் போயிருந்தது.

செருப்பு போனால் போகட்டும். அதிலிருக்கும் அட்டை! அதில் எழுதியதை நினைத்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

பெட்டியை நடுச்சாமப் பூசை முடிந்து வந்து, பன்னிரண்டு மணி விருந்து மேஜையில், அவள் போனில் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் பிரிப்பார்கள். அதுவரை அம்மா அதைப் பூதம் மாதிரி காப்பாள். அங்கே பன்னிரண்டு என்றால் இங்கே காலை பத்து. இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. தங்கை லிகாயாவுக்கு அவசரமாக எழுதினாள்: "பெட்டியில பச்சைத் தாள் சுத்தின பொட்டலம் ஒண்ணு இருக்கும். பிரிச்சவுடனே எடுத்து ஒளிச்சு வெச்சிடு. கெஞ்சிக் கேக்கறேன்." செய்தி போன இடத்திலேயே கிடந்தது. லிகாயா பூசைக்குப் போகும்போது போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகும் பக்தை. பெலிசா குளித்தாள், இரண்டு ஜோடி காலுறையை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டாள், தனக்குத் தெரிந்த புனிதர்கள் எல்லாரையும் கூப்பிட்டாள்.

சரியாகப் பத்து மணிக்குப் போன் அலறியது. திரை முழுக்கத் தலைகள். அம்மா நடுவில், பக்கத்தில் தம்பி அமாதோ, அவன் பெண்டாட்டி நெனித்தா, லிகாயா, அவரவர் பிள்ளை குட்டிகள். மேஜையில் ஹாம், சிவப்பு மெழுகு போட்ட பாலாடைக்கட்டி உருண்டை. மேஜை ஓரத்தில் ஒரு காலி நாற்காலி, அதன் முன்னால் ஒரு தட்டு. அது பெலிசாவுடையது. இருபது வருஷமாக அப்படித்தான் வைக்கிறார்கள்.

"அக்கா! எங்க, ஜெனாய்தா அக்காவக் காட்டு! என்ன இவ்வளவு அமைதியா இருக்கு?" என்றான் அமாதோ.

"இனிமேதான்டா கிளம்பணும். நீங்க பெட்டியப் பிரிங்க. இல்ல, முதல்ல சாப்பிடுங்க, ஆறிடப் போகுது. பெட்டி எங்க ஓடிப்போகுது?"

"நல்ல கதை! புள்ளைங்க விடுமா?" என்று சிரித்தாள் லிகாயா.

கத்தி பெட்டியைக் கிழித்தது. சோப்பு வந்தது, துண்டு வந்தது, சாக்லேட்டுக்கு அடிதடி நடந்தது. பச்சைப் பொட்டலம் நெனித்தாவின் கையில் போய்ச் சேர்ந்தது. லிகாயா கையில் சிக்கியிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். நெனித்தா ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசகம் வாசிக்கிறவள்; அவள் குரலுக்கு மைக் தேவையில்லை.

"இதென்ன அண்ணி, உள்ள ரோமம் வெச்ச செருப்பு? இங்க வேர்த்து ஊத்துது, இதப் போட்டா கால் வெந்துடும்! இருங்க, அட்டை இருக்கு." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "பெலிசாவுக்கு. இருபது கிறிஸ்துமஸ் அடுத்தவங்க கூட்டத்துல போச்சு. இது ஒண்ணு உன்னோடது. யாரையும் கூப்பிடாதே, எங்கயும் போகாதே, கருவாடு பொரிச்சுத் தின்னு. இப்படிக்கு, பெலிசா."

சாக்லேட்டுக்கு அடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்கூடத் திரும்பிப் போனைப் பார்த்தார்கள்.

"தனியாவா இருக்க?" என்றாள் அம்மா.

"அம்மா, அது வந்து..."

"கிறிஸ்துமஸுக்குக் கருவாடா?" அம்மாவின் குரல் உடைந்தது. "என் புள்ள கருவாட்டத் தின்னுக்கிட்டு ஒத்தையில கிடக்கா, நாங்க இங்க ஹாம் வெட்டிக்கிட்டு இருக்கோம்!"

அதற்குள் அமாதோ இன்னொரு போனில் தட்டிக்கொண்டிருந்தான். "கவலைப்படாதீங்க, ஜெனாய்தா அக்காவுக்குச் சொல்லிட்டேன்." அவன் வாயை மூடவில்லை, பெலிசாவின் திரையில் செய்தி வந்து விழுந்தது: "அடி கள்ளி! டியூட்டியா உனக்கு? அரை மணி நேரத்துல வர்றோம். எட்டுப் பேர். பாட்டு மெஷினையும் தூக்கிட்டு வர்றோம். நூடுல்ஸ் இருக்கு, நீ எதுவும் செய்யாத."

பெலிசாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த அழுகையைப் பார்த்ததும் அங்கே எல்லாருக்கும் தாங்கள் நினைத்தது உறுதியாகிவிட்டது. ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். அம்மா எழுந்தாள். போனைப் பிடுங்கிக்கொண்டாள், போகிற போக்கில் செருப்பையும் எடுத்துக்கொண்டாள். படம் குலுங்கியது, கூரை தெரிந்தது, கதவு சாத்தப்பட்டது. பின்கட்டுச் சமையலறை. அம்மா அரிசி டின்மேல் உட்கார்ந்து, தன் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்தாள்.

"இப்ப சொல்லு. யார் கூடவாவது சண்டையா? உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணும் இல்லம்மா. நான் நல்லா இருக்கேன்." பெலிசா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இருபது வருஷமாகத் தொண்டையிலேயே நின்றதை ஒரே மூச்சில் சொன்னாள். "காலைலேர்ந்து எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருக்கும்மா. யாரும் என்னப் பாத்து பாவம்னு சொல்லல. யார் தட்டையும் நான் கழுவல. உங்க மேல ஆசை இல்லாம இல்ல. எனக்கு இந்த ஒரு நாள் வேணும், அவ்வளவுதான். இப்ப அவங்க எட்டுப் பேர் வந்துட்டா அதுவும் போயிடும். அதான் அழறேன்."

அம்மா அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, வீடு அதிரக் கத்தினாள். "அமாதோ! ஜெனாய்தாவ வர வேணாம்னு சொல்லு! பெலிசாவ வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்களாம், கிளம்பப் போறா!"

"கிறிஸ்துமஸும் அதுவுமாவா?" என்று வெளியிலிருந்து அவன் குரல் வந்தது.

"கிழவங்களுக்கு யாருடா சோறு போடறது? சொல்லுன்னா சொல்லு!"

பெலிசா வாயைப் பிளந்தாள். அம்மா பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அதுவும் பூசை முடிந்து வந்த கையோடு, நாக்கில் நற்கருணை கரைந்த ஈரம் காய்வதற்குள்.

"தட்டக் காட்டு" என்றாள் அம்மா.

பெலிசா மூடியை எடுத்துக் காட்டினாள். அம்மா கொஞ்ச நேரம் கருவாட்டையே பார்த்தாள். ஹாமைப் பார்த்து அவள் கண்ணில் இப்படி ஒரு ஆசை வந்து பெலிசா பார்த்ததில்லை.

"தனியா சாப்பிட்டா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். கேலி இல்லை, தெரியாததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

பெலிசா யோசித்தாள். "முள்ள மெதுவா எடுக்கலாம்மா. யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க. சோறு பத்துமா, அடுத்து யாருக்கு வைக்கணும்னு பாக்க வேண்டியதில்ல. சூடா இருக்கும்போதே சாப்பிடலாம்."

"சூடாவா?" என்றாள் அம்மா. "எனக்கு எழுபத்தஞ்சு வயசாச்சு. ஏழு பெத்தேன். ஒரு வேளைச் சோறு ஒத்தையில தின்னதில்ல."

குனிந்தாள். ரோமச் செருப்புக்குள் ஒரு காலை விட்டாள், பிறகு இன்னொன்றை. நெற்றியில் வேர்வை வழிந்தது.

"அம்மா, அங்க எவ்வளவு புழுக்கம்! கழட்டும்மா."

"எரியுது. இருக்கட்டும்." கால் விரல்களை உள்ளே அசைத்துப் பார்த்தாள். கதவு தட்டப்பட்டது. "அம்மா! ஹாம் யார் வெட்டறது? புள்ளைங்க பசின்னு கத்துதுங்க!" என்றது நெனித்தாவின் குரல்.

"பேசிக்கிட்டு இருக்கேன்ல! நீயே வெட்டு!" என்றாள் அம்மா. பிறகு போனை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்து, கிசுகிசுத்தாள். "மேல் தட்டு டப்பாவுல இங்கயும் ரெண்டு கருவாடு இருக்குடி. காலைல பொரிச்சது."

"சாப்பிடும்மா. நானும் உன்கூடவே சாப்பிடறேன்."

"வேணாம்" என்றாள் அம்மா. "நீ போன வெச்சிடு. நான் உன்கிட்ட பேசிக்கிட்டே இருக்கேன்னு வெளிய இருக்கறவங்க நினைச்சுக்கட்டும்."

பெலிசா போனை வைத்தாள்.