கழுதைக்குப் பின்னால் யாருமில்லை

நூலகத்தில் கழித்துக் கட்டுகிற புத்தகங்களைப் பிரிப்பது என் வேலை. ஐந்து வருடமாக யாரும் தொடாதது, அட்டை போனது, பூச்சி அரித்தது எல்லாம் என் மேஜைக்கு வரும். கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் ஏதாவது பள்ளிக்கூடத்துக்குப் போகும், இல்லாவிட்டால் எடைக்கு. இருபது வருடமாகக் கதைகளின் முடிவை மட்டும் பார்த்துப் பார்த்து எனக்குப் புத்தகம் என்றாலே அலுத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அப்படித்தான் ஒரு மஞ்சள் அட்டையை எடுத்தேன். அட்டையில் உப்பு மூட்டை சுமக்கும் கழுதை. அடக் கடவுளே, இதுவா!

நாலாம் வகுப்பில் டீச்சர் தினமும் கடைசி மணியில் வாசித்த கதை. உப்பு விற்கப் போன அப்பாவுக்காக ஒரு பெண் காத்திருப்பாள். கடைசி நாள் கழுதை திரும்பி வரும். அதன் பின்னாலேயே, புழுதியைத் தட்டிக்கொண்டு, அப்பாவும் வருவார். வகுப்பே கைதட்டியது. நான் அழுதேன். அந்த வருடம்தான் என் அப்பா வேலை தேடிப் போனவர் திரும்பாமல் இருந்தார்.

கையிலிருந்த புத்தகத்தில் கழுதை தனியாக வந்தது. பின்னால் யாருமில்லை. அந்தப் பெண் வீட்டைப் பூட்டிக்கொண்டு அத்தை ஊருக்குப் போய்விடுகிறாள்.

புத்தகத்தைப் பட்டென்று மூடினேன். எங்களைத் தன் வீட்டுப் பக்கம் வந்துவிடச் சொல்லி மாமா எத்தனையோ தடவை கூப்பிட்டார். "அப்பா வந்து தேடினா?" என்று, டீச்சர் கதையை நம்பி, நான்தான் தரையில் புரண்டு அழுதேன். பாவி, அம்மா என் பேச்சைக் கேட்டாள். ஒழுகுகிற அந்த வாடகை வீட்டில் இருபத்திரண்டு வருடம் இருமி இருமியே போய்ச் சேர்ந்தாள்.

டீச்சர் மகள் வீட்டில் இருப்பது தெரியும். ஞாயிற்றுக்கிழமை போனேன். திட்டத்தான் போனேன், பஸ்ஸில் ஒத்திகைகூடப் பார்த்தேன். டீச்சருக்குக் கண் போயிருந்தது. பழைய மாணவி என்று மட்டும் சொல்லி, புத்தகத்தை அவர் மடியில் வைத்தேன்.

"கழுதைக் கதை டீச்சர். ஏன் முடிவ மாத்திச் சொன்னீங்க?"

"நான் எங்கம்மா மாத்தினேன்? நம்ம ஸ்கூல் புக்குல கடைசி ரெண்டு தாளே கெடையாது. எந்த வாலு கிழிச்சுதோ! வருஷா வருஷம் வாய்க்கு வந்தத அடிச்சு விடுவேன். ஒரு வருஷம் கழுதைக்குக் கல்யாணமே பண்ணி வெச்சேன்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்காகவா இருபத்திரண்டு வருடம்?

"அப்பா வந்ததா சொன்னது ஒரே ஒரு வருஷந்தான்," என்றார். "முன் பெஞ்சுல ஒரு பொண்ணு. அவங்கப்பா எங்கயோ போனவரு வரல. வாயப் பொளந்துக்கிட்டு என்னையே பாக்கும். அது மூஞ்சியப் பாத்துட்டு வேற என்னத்தச் சொல்ல? அப்பறம் அவரு வந்தாரான்னுகூடத் தெரியல."

ஒத்திகை பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வரல டீச்சர். நாங்க வீடே மாத்தாம உக்காந்திருந்தோம். அம்மா அங்கயே போயிட்டாங்க."

டீச்சர் தடவித் தேடி என் கையைப் பிடித்தார். மன்னிப்புக் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். கேட்டால் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவர் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

"அதுல நெஜமா என்னதான் போட்டிருக்கு? படி."

படித்தேன். கழுதை வந்தது. அவள் அதன் கயிற்றை அவிழ்த்துத் தண்ணீர் காட்டினாள். வீட்டைப் பூட்டினாள். ஆத்திரத்தில் அன்று நான் தாண்டிப்போன வரி அடுத்து இருந்தது: சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, அப்பா வந்தால் அத்தை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள் என்றாள்.

மேலே வாசிக்க முடியவில்லை.

"சாவியக் குடுத்துட்டுப் போனாளா?" என்றார் டீச்சர். "அடப்பாவமே, அவ்வளவுதானா! இது எனக்குத் தோணவே இல்லையேம்மா."

"எனக்கும் தோணல டீச்சர்."

"அந்த வரிய இன்னொரு தடவ படி."

எழுத்து கலங்கித் தெரிந்தது. டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு, காதை என் பக்கம் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தார்.