இரண்டு இடது கன்னங்கள்

தலை மறுபடியும் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. அக்கா துண்டை உருவி, இன்னொரு மடிப்பு மடித்து, தம்பியின் கன்னத்துக்கு அடியில் செருகினாள். எதிர்வீட்டு டைலர் உள்ளே வந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் துண்டு நழுவியது. யாரோ கூப்பிட்டது போலத் தலை சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

"உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான். நாம ஒண்ணு பேசிக்கிட்டிருப்போம், அவர் வேற எங்கயோ பார்த்துக்கிட்டிருப்பார்" என்றார் டைலர்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

காலை எட்டரை மணிக்குப் பட்டறை அறையில், ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தபடியே தம்பி போயிருந்தான். டாக்டர் வந்து பார்த்தார். இதயம், கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்று சொல்லி, சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். வண்டிக்கு இரண்டு மணி என்று சொல்லியாகிவிட்டது. வாடகை நாற்காலிகள் வந்து, தெருவும் வந்து அவற்றில் உட்கார்ந்துவிட்டது. எல்லாம் ஒழுங்காக இருந்தது, ஒன்றைத் தவிர. பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய மனைவியைக் காணோம். பட்டறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து விர்ரென்று ஒரு சத்தம் வந்து வந்து நின்றது.

"மிக்ஸியா?" என்று மாடிவீட்டம்மா அக்காவின் காதருகே குனிந்து கேட்டாள்.

"மோட்டாரா இருக்கும்."

"மோட்டார் மாடியிலதானே இருக்கு."

தனக்கே தெரியாத ஒரு செய்தியைப் பற்றி இன்னொருத்தி கேள்வி கேட்பது அக்காவுக்குப் பழக்கமில்லாத அனுபவம். அந்தத் தெருவில் எந்தச் செய்தியும் அவள் வாய்க்குள் ஒரு காபி ஆறும் நேரம்கூடத் தங்கியது கிடையாது. யார் வீட்டில் யார் கோபித்துக்கொண்டு போனார்கள், யார் திரும்பி வந்தார்கள், வரும்போது என்ன வாங்கி வந்தார்கள், எல்லாம் அவள் வழியாகத்தான் போக வேண்டும். அவள் துண்டை இன்னொரு முறை செருகிவிட்டு எழுந்தாள்.

பட்டறைக் கதவைத் திறந்ததும் பசை நெடி மூக்கில் ஏறியது. தம்பி மனைவி கையில் ஹேர் டிரையரோடு மேசை முன்னால் நின்றிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. அழுதாளா, பசையா? அந்த அறையில் இருபத்தாறு வருஷமாக யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

"ஏம்மா, வெளியில அத்தனை பேரும் உன்னைத்தான் தேடறாங்க. நீ இங்க வந்து நின்னா என்ன அர்த்தம்?"

"ஒரு மணிக்கு எடுக்க வந்துடுவாங்க அண்ணி."

"ரெண்டு மணின்னு சொன்னாங்களே. வண்டிக்காரன்கிட்ட நான்தானே பேசினேன்."

"அவரை இல்லை. ஹெல்மெட்டை."

மேசையில் சுண்ணாம்புத் தலை ஒன்றின் மேல் அது உட்கார்ந்திருந்தது. பார்த்தால் பத்துப் போர் கண்ட இரும்பு. நெற்றியில் வெட்டுக்காயம், ஓரத்தில் துரு, பின்கழுத்தில் அடுக்கடுக்காகத் தகடு. தூக்கினால் ஒரு பிஸ்கட் பாக்கெட் கனம். எல்லாம் ஃபோம் ஷீட். வெட்டி, சூடு காட்டி வளைத்து, ஒட்டி, வெள்ளி அடித்து, மேலே கறுப்புப் பூசித் துடைத்தது. சினிமாவில் தலை இழந்த ராஜாக்களுக்கும் தலை தப்பிய தளபதிகளுக்கும் தம்பிதான் மாட்டிவிட்டான். தெரு அவனைத் தொப்பிக்காரர் என்றது. "தொப்பி இல்லைங்க, தலைக்கவசம்" என்று அவன் திருத்துவான். "சரிங்க தொப்பிக்காரரே" என்று தெரு கேட்டுக்கொள்ளும்.

இந்தத் தளபதிக்கு வேறெங்கோ செய்து வந்த கவசம் காதை நெரித்ததாம். நடிகர் கழற்றி வீசிவிட்டாராம். நாளைக் காலை போர்க் காட்சி. பத்து நாள் வேலையை நாலு நாளில் தருவதாகத் தம்பி ஒப்புக்கொண்டிருந்தான். இதுவரை தெருவுக்கே தெரியும், அக்கா சொல்லியிருந்தாள்.

"அதான் முடிஞ்சிருக்கே. அப்படியே குடுத்தனுப்பு."

தம்பி மனைவி மேசையிலிருந்த இரண்டு கன்னத் தகடுகளை எடுத்தாள். இலைபோல நீண்டு, தாடையை ஒட்டி வளைந்து, கொடி வேலை பொறித்த தகடுகள். ஒன்றைக் கவசத்தின் இடப்பக்கம் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. மற்றதை வலப்பக்கம் வைத்தாள். வளைவு முகத்தைவிட்டு வெளியே விரிந்தது. புரட்டி வைத்தாள். வளைவு சரியானது, கொடி உள்ளே போய், வேலையில்லாத மொட்டைப் பக்கம் வெளியே வந்தது.

அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ரெண்டும் இடதா?"

"ரெண்டும் இடது."

அக்கா ஸ்டூலைப் பார்த்தாள். அதில் உட்காராமல் ஒரு டப்பாவின் மேல் உட்கார்ந்தாள்.

"சின்ன வயசுலயே அவனுக்கு வலது இடது தெரியாது. ஸ்கூலுக்குச் செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டுப் போவான். நான்தான் வலது செருப்புல பேனாவால ஒரு புள்ளி வைப்பேன்."

"தெரியும். நீங்கதான் சொன்னீங்க. கல்யாணத்தன்னிக்கு, மைக்ல."

"அப்புறம் இத்தனை வருஷம் எப்படி வெட்டினான்?"

தம்பி மனைவி ஷீட் ஒன்றை மேசையில் விரித்துத் தூசி தட்டினாள். இல்லாத தூசியையும் தட்டினாள்.

"வலது வெட்டறப்போ நான் பின்னாடி நின்னு அவர் வலது கன்னத்துல கை வெச்சுக்கணும். வெட்டி முடிக்கிற வரைக்கும் எடுக்கக் கூடாது."

அக்கா கதவைத் திரும்பிப் பார்த்தாள். இதே கதவு இடுக்கு வழியாக அவள் அதைப் பார்த்திருக்கிறாள், ஒரு தடவையல்ல. வேலை செய்கிற மனுஷன் கன்னத்தைத் தடவிக்கொண்டு நிற்கிறாள், பட்டப்பகலில், வயசென்ன ஆகிறது என்று மாடிவீட்டம்மாவிடம் சொன்னது அவள்தான். அது டைலர் கடைக்குப் போய், இரண்டு மூன்று கை மாறி, முத்தமாக வளர்ந்து அவளிடமே திரும்பி வந்திருந்தது. அதையும் அவள் மேலே அனுப்பிவைத்தாள்.

"முந்தாநாள் எனக்குத் தலைவலி. படுத்துட்டேன். எழுப்பலை, தானே வெட்டிட்டார்." அடுப்பில் பால் பொங்கிவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"ஃபோன் பண்ணி விஷயத்தைச் சொல்லேன். இப்படி ஆயிடுச்சுன்னா ஒரு நாள் தர மாட்டாங்களா?"

"தருவாங்க. வந்து இருக்கிறபடியே எடுத்துக்கிட்டுப் போய், பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு கவசக்காரர் இருக்காரே, அவர்கிட்ட முடிக்கக் குடுப்பாங்க. அவர் இந்த ரெண்டையும் கையில எடுத்துப் பார்ப்பார். அப்புறம் எந்த செட்டுக்குப் போனாலும் இதுதான் பேச்சு. தொப்பிக்காரர் கடைசியா என்ன வெட்டினார் தெரியுமான்னு." கத்தியை எடுத்தாள். "இது யாருக்கும் தெரியக் கூடாது அண்ணி."

அண்ணி என்று முடித்துவிட்டு அவளை நேராகப் பார்த்தாள். வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் அது சாதாரண வேண்டுகோள்.

மணி பதினொன்றே முக்கால்.

தம்பி மனைவி காகித அச்சை எடுத்து ஷீட்டில் வைத்தாள். ஓரம் தேய்ந்து, மடிப்பில் நைந்த பழைய அச்சு.

"இது நடிகர் முகமா?" என்று அக்கா கேட்டாள்.

"எந்த ராஜாவா இருந்தாலும் கன்னம் இவரோடதுதான். கண்ணாடி முன்னாடி நின்னு, தன் தாடையில பேப்பரை வெச்சு வரைஞ்சது. அவங்கவங்க முகத்துக்கு ஓரத்துல கொஞ்சம் குறைப்பார், அவ்வளவுதான்."

அச்சைப் புரட்டினாள். மறுபடி புரட்டினாள். கத்தி முனை ஷீட்டில் தொட்டு எழுந்தது. இருபத்தாறு வருஷம் இன்னொருவருக்கு வலது எதுவென்று காட்டியவள், அச்சைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணி, இது வலதுதானே?"

அக்கா எழுந்தாள். கவசத்தைப் பார்த்தாள், அச்சைப் பார்த்தாள், தன் இரு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பின்னால் போய் நின்று தம்பி மனைவியின் வலது கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். கத்தி நகர்ந்தது.

அதன் பிறகு அக்காவுக்கும் வேலை வந்தது. கொடி பொறிக்கும்போது அச்சைப் பிடித்துக்கொண்டாள். சூடு காட்டி வளைத்தபோது தன் முழங்காலைத் தந்தாள். பெயின்ட் காய ஹேர் டிரையரைப் பிடித்தபோது கை வலித்தது, மாற்றிக்கொண்டாள். நடுவில் கதவு திறந்து டைலரின் மூக்கு முதலில் வந்தது.

"என்னம்மா, ரெண்டு பேரும் உள்ள என்ன பண்றீங்க?"

"பீரோ சாவி தேடறோம்" என்று அக்கா கதவைச் சாத்தினாள். விரலெல்லாம் வெள்ளி.

ஒரு மணிக்குப் படத்தின் உடைப் பிரிவுப் பெண் வந்தாள். நாற்காலிகளைப் பார்த்துக் கல்யாணம் என்று நினைத்திருப்பாள் போல. சிரித்துக்கொண்டே ஏறி வந்தவள் கூடத்தில் நின்றுவிட்டாள்.

"ஐயோ... ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாளைக்கு மாத்தி வெச்சிருப்போமே."

"ஒரு மணின்னு சொல்லியிருந்தார்" என்றாள் தம்பி மனைவி, பட்டறை வாசலிலேயே நின்று கவசத்தை நீட்டியபடி.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேலை வேலைதான், கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கவும் செய்தாள். நெற்றியைத் தட்டினாள், வாரை இழுத்தாள். வலது கன்னத்தில் அவள் விரல் நின்றது. அக்கா மூச்சை நிறுத்திக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் மட்டும் சூடா இருக்கே?"

"அது கடைசியாச் செஞ்சது."

பெண் தலையசைத்தாள். கவசத்தை இரண்டு கையிலும் ஏந்தி, படுத்திருந்தவனைச் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தாள். இதுவும் சடங்கில் ஒன்று என்று நினைத்தோ என்னவோ, தெரு மொத்தமும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றது. டைலர் கவசத்தைக் கும்பிட்டார்.

அதற்குப் பிறகுதான் தம்பி மனைவி கூடத்துக்கு வந்தாள். தலை இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது, துண்டு தரையில். அவள் கட்டிலின் தலைமாட்டில் போய் நின்றாள். சேலை மடிப்புக்குள்ளிருந்து எதையோ எடுத்து, குனிந்து, அவனுடைய இடது கன்னத்தை ஒட்டிச் செருகினாள். தாடையின் வளைவோடு வளைந்து அது உட்கார்ந்துகொண்டது. தலை நேரானது. காலையிலிருந்து முதல்முறையாக அவன் நேராகப் படுத்திருந்தான்.

டைலர் கழுத்தை நீட்டினார்.

"அது என்னது, கன்னத்துக்கு அடியில? வெள்ளியாட்டம் மின்னுது?"

மாடிவீட்டம்மா திரும்பினாள். முன்வரிசை முழுக்க அக்காவின் வாயைப் பார்த்தது. அவள் போர்வையை ஒரு விரற்கடை மேலே இழுத்துவிட்டாள்.

"பஞ்சு" என்றாள்.

தலைமாட்டில் நின்றவளின் கை அவனுடைய வலது கன்னத்தில் இருந்தது. வண்டி வந்து ஹாரன் அடிக்கிற வரை அவள் அதை எடுக்கவில்லை.